லாயத்துக்கு ஒரு பிள்ளை

திருநாவலூர் என்ற பெயரைக் கேட்டமாத்திரத்தில் நம்மவர் உள்ளத்தில் எழுவது சுந்தரமூர்த்தி நாயனாருடைய திருவுருவமே. கள்ளக்குறிச்சி மாவட்டத்தில், உளுந்தூர்ப்பேட்டைக்கு அருகே உள்ளது அவ்வூர். அதன் வீதியிலே சிறுதேர் உருட்டி விளையாடிக்கொண்டிருந்த குழந்தையைத் திருமுனைப்பாடி நாட்டை ஆண்ட நரசிங்க முனையரையர் கண்டு, பெற்றோரிடம் கேட்டு வாங்கி, அரண்மனையில் வைத்து வளர்த்தார் என்பது பெரிய புராணம் கூறும் வரலாறு. அக்குழந்தை வளர்ந்து பெரியவராகி, ஆடி மாதத்துச் சுவாதித் திருநாளில் வெள்ளை யானைமீது ஏறிக் கயிலைக்குச் சென்றார். அவருடைய தோழராகிய சேரமான் பெருமாள் நாயனார் அதனை அறிந்தார். தம் குதிரையின் செவியில் திருவைந்தெழுத்தை ஓதினார். குதிரை வான்வழியே பாய்ந்து யானையை எட்டிவிட்டது.

இவ்வரலாற்றில் அடியார்கள் காணும் பொருள் பெரிது. அதனை நாம் தொடவில்லை. நாம் இங்கே கவனிக்க விரும்புவது ஒரு சிறு விஷயம். யானை வானத்திலிருந்து வந்தது. குதிரையோ லாயத்திலிருந்து வந்தது. லாயத்துக் குதிரை தெய்வ யானைக்கு ஈடாக ஓடியதற்குக் காரணம், அதன் செவியில் சொல்லவேண்டியது இன்னதென்று அறிந்த ஒருவர் அதன் அருகே இருந்ததுதான்.

திருநாவலூருக்கு அயலதாகிய திருக்கோவலூரிலே சங்க காலத்தில் ஆண்டவன் மலையமான் திருமுடிக்காரி. அவனுடைய குதிரைக்கும் காரி என்றே பெயர். இரவலர்க்குக் குதிரைகளை வாரி வழங்கிக் கடையெழு வள்ளல்களில் ஒருவனாகப் பெயர்பெற்றவன் அவன். அரசனும் குதிரையும் ஒரே பெயரால் வழங்கிய அந்த நாட்டில் இன்று பிறக்கும் சிறுவர் சிறுமியரில் பலர், ஐயனார் கோயில் வாசலில் நிற்கும் மண் குதிரையைத் தவிர வேறு குதிரையைத் தொட்டறியார். இதனைச் சொல்லிப் பழம் பெருமை பேசுவது நமது நோக்கமன்று. குதிரை வளர்ப்பு என்னும் தொழிலை நிர்வகிக்க நம் வாலிபர்களைப் பழக்குவது தகுமா, முடியுமா, அதனால் நாட்டுக்கு என்ன பயன் என்ற கேள்விகளையே இவ்வாரம் நேயர்களின் முன் வைக்க எண்ணுகிறோம்.

நம் வீடுகளில் படிக்காத பிள்ளையைக் கடிந்துகொள்ளும்போது வழங்கும் வாசகம் அனைவரும் அறிந்ததே: 'நீ மாடு மேய்க்கத்தான் லாயக்கு!' மாட்டுக்கே இந்த மரியாதை என்றால், குதிரைக்கு எவ்வளவு மரியாதை இருக்கும் என்று சொல்லவேண்டியதில்லை. கால்நடையோடு பழகுவது, படிப்பு வராதவனுக்கு விதித்த தண்டனை என்பது நம் மனத்தில் ஆழப் பதிந்த எண்ணம். இந்த எண்ணத்துக்காக நம் முன்னோர் கொடுத்த விலை கொஞ்சமன்று. அதற்குச் சரித்திரச் சான்று இருக்கிறது.

மாணிக்கவாசகரின் கதையை எடுத்துக்கொள்வோம். பாண்டியன் தன் அமைச்சரிடம் பெரும் பொருளைக் கொடுத்துக் குதிரை வாங்கிவர அனுப்பினான். அமைச்சர் அப்பொருளைத் திருப்பெருந்துறையில் கோயிற்பணிக்குச் செலவிட்டார். இறைவன் நரிகளைப் பரிகளாக்கிக் கொண்டுவந்து ஒப்புவித்தான். இரவில் அவை மீண்டும் நரிகளாகி ஊளையிட்டு ஓடின. இது திருவிளையாடல். இதன் அடியில் ஓர் உலகியல் உண்மையும் கிடக்கிறது. பாண்டிய நாடு தன் குதிரையைத் தானே வளர்க்கவில்லை. பொக்கிஷத்தைத் திறந்து, துறைமுகத்துக்கு ஆள் அனுப்பி, கடல் கடந்து வந்த குதிரையை வாங்கிற்று. காவிரிப்பூம்பட்டினத்துக்குக் கடல்வழியே குதிரைகள் வந்திறங்கியதைப் பட்டினப்பாலையும் கூறுகிறது. ஆயிரம் ஆண்டுகளுக்கு மேலாக நாம் குதிரையை வாங்குகிறவர்களாகவே இருந்தோம்.

பதின்மூன்றாம் நூற்றாண்டின் இறுதியில் இக்கரைக்கு வந்த வெனிஸ் நகரத்து வணிகர் மார்க்கோ போலோ, தாம் கண்டதையும் கேட்டதையும் எழுதி வைத்திருக்கிறார். பாண்டிய அரசர்கள் ஐவரும் ஆண்டுதோறும் ஒவ்வொருவரும் இரண்டாயிரத்துக்கு மேற்பட்ட குதிரைகளை வாங்கினர் என்றும், ஆண்டு முடிவில் நூறுகூட உயிரோடு எஞ்சவில்லை என்றும் அவர் கூறுகிறார். காரணம் என்ன? குதிரையைப் பேணும் முறை ஒருவருக்கும் தெரியாது. லாடம் கட்டி வைத்தியம் செய்வாரும் இல்லை. இதற்குமேல் அவர் எழுதியிருப்பதுதான் நம்மை உலுக்குவது. குதிரைகளைக் கொண்டுவந்த வணிகர்கள் தங்களோடு லாடக்காரர்களை அழைத்துவரவில்லை. வேறு எவரேனும் இங்கு வந்து சேராதபடியும் தடுத்தார்கள். குதிரை சாகச் சாகத்தானே அடுத்த ஆண்டும் வியாபாரம் நடக்கும்?

பாரசீக ஆசிரியர் வஸ்ஸாஃப் கூறும் கணக்கும் ஏறக்குறைய இதே கதையைச் சொல்கிறது. ஒரு வணிகர் ஆண்டுக்கு 1,400 குதிரைகள் அனுப்ப ஒப்பந்தம். குதிரை ஒன்றுக்கு 220 பொன் தினார். வழியில் செத்தாலும் விலை உண்டு. இங்கே வந்த குதிரைகளுக்கு வறுத்த பார்லியும், நெய் சேர்த்த தானியமும், காய்ச்சிய பசும்பாலும் கொடுத்தார்களாம்! விருந்தாளியை உபசரிப்பதுபோல் உபசரித்திருக்கிறார்கள். அன்பில் குறைவில்லை, அறிவில்தான் குறை.

இந்த உபசாரத்தின் விளைவை இன்றைய கால்நடை மருத்துவம் தெளிவாகச் சொல்லும். குதிரையின் இரைப்பை அதன் உடலை நோக்கச் சிறியது. புல்லையும் வைக்கோலையும் அது செரிப்பது இரைப்பையில் அன்று, பின்குடலிலே. சிறிது சிறிதாக நாள் முழுதும் மேய்வதற்கென அமைந்த வயிறு அது. அத்துடன் குதிரையால் வாந்தியெடுக்கவும் இயலாது. உள்ளே போனது போனதுதான். மாவுப்பொருள் மிகுந்த தானியத்தை ஒரே வேளையில் அளவுக்கு மீறிக் கொடுத்தால் பின்குடல் புளித்துப்போய், கடுஞ்சூலை வரும். குளம்பினுள் அழற்சி தோன்றி நடையும் போகும். தட்பவெப்பத்தையும் ஈக்கள் பரப்பும் நோய்களையும் நாம் மறுக்கவில்லை. உண்ணி, ஈ முதலியவற்றால் வரும் துன்பங்கள் ஈரமான நாட்டில் அதிகம். 'சர்ரா' என்னும் குதிரை நோய்க்குக் காரணமான நுண்ணுயிரை கிரிஃபித் எவன்ஸ் கண்டறிந்தது 1880-ஆம் ஆண்டிலேதான். ஆயினும் பாண்டியன் லாயத்தில் நடந்தது பெரும்பாலும் தீனியறியாமையும் பேணலறியாமையும் செய்த கொலை என்பதே நமது துணிபு.

பாண்டியருக்குப் பின் வந்தவர்களும் திருந்தியதாகத் தெரியவில்லை. போர்த்துக்கேயரான நூனிஸ், விஜயநகரத்து அரசர் சாளுவ நரசிம்மரைப் பற்றி ஒரு செய்தி சொல்கிறார். ஓர்மஸிலிருந்து கப்பலில் வரும் குதிரைகளை உயிரோடிருந்தாலும் செத்திருந்தாலும் அவர் விலைகொடுத்து வாங்கினாராம். நடுக்கடலில் இறந்த குதிரைக்கு வாலை மட்டும் கொண்டுவந்து காட்டினால் போதும். முழு விலையும் கிடைக்கும்! குதிரைக்கு விலை கொடுப்பது போய், வாலுக்கு விலை கொடுக்கும் நிலைக்கு வந்து நின்றது தென்னாடு.

வெள்ளைக்காரர்களும் இந்த விஷயத்தில் எளிதில் வெற்றி பெற்றுவிடவில்லை. பீகாரில் பூசா என்னுமிடத்தில் கிழக்கிந்தியக் கம்பெனியார் நடத்திய குதிரைப் பண்ணைக்கு 1808-ல் தலைமையேற்க வந்தவர் வில்லியம் மூர்க்ராஃப்ட். கால்நடை மருத்துவத்தை முறையாகக் கற்ற முதல் ஆங்கிலேயர்களில் ஒருவர் அவர். நல்ல குதிரையைத் தேடி 1812-ல் சந்நியாசி வேஷம் பூண்டு இமயத்தைக் கடந்து மானசரோவரம் வரையில் சென்றார். சேரமான் குதிரையிலேறிச் சென்ற கயிலையின் அடிவாரத்துக்குக் குதிரை தேடி ஓர் ஆங்கிலேயர் போய்ச் சேர்ந்தார்! பிறகு புகாராவுக்கும் சென்று, திரும்பும் வழியில் 1825-ல் மாண்டார். தன் நாட்டில் வளர்க்கத் தெரியாதபோது மனிதன் எவ்வளவு தூரம் அலையவேண்டியிருக்கிறது என்பதற்கு அவருடைய வாழ்க்கையே அத்தாட்சி.

நிற்க. 'மோட்டாரும் ரயிலும் வந்துவிட்ட காலத்தில் குதிரை எதற்கு?' என்று நேயர் கேட்கலாம். நியாயமான கேள்விதான். 2012-ஆம் ஆண்டுக் கால்நடைக் கணக்கில் இந்தியா முழுவதும் ஆறு லட்சத்துக்கு மேற்பட்ட குதிரைகளும் மட்டக்குதிரைகளும் இருந்தன. 2019-ல் அந்த எண் சுமார் 3.4 லட்சமாகக் குறைந்துவிட்டது. ஏழே ஆண்டுகளில் ஏறக்குறைய பாதி போய்விட்டது. மார்வாரி, கத்தியவாரி, மணிப்புரி, ஸ்பிதி, ஜன்ஸ்காரி முதலிய நம் தேசத்துக் குதிரை இனங்கள் பல நூற்றாண்டுகளின் உழைப்பால் உருவானவை. ஓர் இனம் அழிந்தால் எவ்வளவு பணம் கொட்டினாலும் அதனைத் திரும்பப் பெற இயலாது. ஆனால் வெறும் பழமைப் பற்றுக்காக மட்டும் நாம் பேசவில்லை. குதிரையால் இன்றும் நடக்கவேண்டிய காரியம் ஒன்று உண்டு. அது கல்வராயன் மலையடிவாரத்தில் வயலில் இறங்கும் ஒவ்வொரு குடியானவனின் உயிரையும் பற்றியது.

பாம்புக்கடிக்கு மாற்று மருந்து என்பது குதிரையின் இரத்தத்திலிருந்து எடுக்கப்படுவது என்பதை எத்தனை பேர் அறிவர்? நல்ல பாம்பு, கட்டுவிரியன், கண்ணாடி விரியன், சுருட்டை விரியன் ஆகிய நான்கின் நஞ்சையும் மிகச் சிறிய அளவில் குதிரைக்கு ஊசிமூலம் செலுத்தி, வாரந்தோறும் சிறிது சிறிதாக அளவை உயர்த்துகிறார்கள். குதிரையின் உடல் அந்நஞ்சை எதிர்க்கும் சக்தியைத் தன் இரத்தத்திலே உண்டாக்கிக்கொள்கிறது. பின்னர் அளவாக இரத்தமெடுத்து, அதன் தெளிநீரைப் பிரித்துச் சுத்தி செய்து மருந்தாக்குகிறார்கள். நஞ்சை எடுத்துத் தருவோரில் முக்கியமானவர்கள், சென்னைக்கு அருகே வடநெம்மேலியில் 1978 முதல் கூட்டுறவுச் சங்கம் அமைத்துத் தொழில் நடத்தும் நம் இருளர் மக்கள். 2000 முதல் 2019 வரையில் இந்தியாவில் பாம்புக்கடியால் இறந்தவர்கள் சுமார் பன்னிரண்டு லட்சம் பேர், அதாவது ஆண்டுக்குச் சராசரி 58,000 பேர், என்று 2020-ல் வெளிவந்த ஆராய்ச்சி மதிப்பிட்டிருக்கிறது. இவர்களில் மிகப் பெரும்பாலோர் கிராமத்தவர். இந்த மருந்துக்கு உதவும் குதிரை நோயின்றி, நல்ல தீனியோடு, வதைபடாமல் வாழவேண்டும். அதனைக் கவனிக்கத் தெரிந்த நிர்வாகி இல்லாத இடத்தில் குதிரைக்கும் கேடு, மருந்துக்கும் கேடு.

இன்னும் சென்னைப் போலீஸாரிடம் குதிரைப் பிரிவு இருக்கிறது. ஹிசார், பாபுகர் முதலிய இடங்களில் இராணுவத்தின் பண்ணைகள் இருக்கின்றன. பந்தயக் குதிரை வளர்க்கும் பண்ணைகள் புனே நகரைச் சுற்றியும் பிற இடங்களிலும் உள்ளன. இவ்விடத்தில் ஒரு வார்த்தை. குதிரைப் பந்தயத்தில் குடியைக் கெடுத்துக்கொண்டவர்களை நாம் அறிவோம். 1974-ல் தமிழ்நாட்டு அரசாங்கம் பந்தயத்தை ஒழிக்கச் சட்டம் இயற்றியதும், 1996-ல் உச்ச நீதிமன்றம் அது திறமையைப் பொறுத்த போட்டியே என்று தீர்ப்புக் கூறியதும் நேயர்கள் நினைவில் இருக்கலாம். அந்த வழக்குக்குள் நாம் புகவில்லை. பணம் கட்டி ஆடுகிறவனுடைய பாவத்தைக் குதிரையின் தலையில் சுமத்துவது நியாயமன்று. அதை வளர்ப்பவனுடைய தலையிலும் சுமத்தலாகாது. நெல்லை விளைப்பவன், அதனைப் பதுக்கி விற்பவனின் குற்றத்துக்கு ஆளாவதில்லையல்லவா?

இனி, பிற நாட்டார் இத்தொழிலுக்கு ஆட்களைப் பழக்கும் விதத்தைச் சிறிது பார்ப்போம். அயர்லாந்து தேசத்தில் கில்டேர் மாகாணத்து டல்லி என்னும் இடத்தில், கர்னல் வில்லியம் ஹால் வாக்கர் என்ற செல்வர் 1900-ல் ஒரு குதிரைப் பண்ணை அமைத்தார். அவர் ஜாதகத்தில் அபார நம்பிக்கையுள்ளவர். குட்டி பிறந்தவுடன் அதற்கு ஜாதகம் கணிப்பார். கிரகபலன் சரியில்லையென்றால் குட்டியை விற்றுவிடுவார்! சந்திரனும் நட்சத்திரங்களும் குதிரைமீது தம் ஒளியை வீசவேண்டும் என்று லாயத்துக் கூரையிலே ஜன்னல் வைத்தார். நம் ஊர்ச் சோசியர்கள் இதைக் கேட்டால் பெருமிதம் கொள்வார்கள். அவருடைய பண்ணையில் பிறந்த மினோரு என்னும் குதிரை 1909-ல் இங்கிலாந்தின் டெர்பி பந்தயத்தில் வென்றதும் உண்மையே. ஆனால் கிரகத்தை மட்டும் நம்பி அவர் உட்கார்ந்திருக்கவில்லை. நல்ல புல்வெளியும், நல்ல தாய்க்குதிரைகளும், தேர்ந்த ஆட்களும் அவரிடம் இருந்தனர் என்பதைச் சோசியர்கள் மறக்கலாகாது.

அவர் 1915-ல் தம் குதிரைகளைப் பிரிட்டிஷ் அரசாங்கத்துக்கு அளித்தார். அயர்லாந்து சுதந்திரம் பெற்றபின், அந்தப் பண்ணை ஐரிஷ் மக்களுடைய தேசியக் குதிரைப் பண்ணையாக 1946-ல் உருப்பெற்றது. இன்று அங்கே உலகின் பல பாகங்களிலிருந்தும் வாலிபர்களும் யுவதிகளும் வந்து தங்கித் தொழில் பழகுகிறார்கள். குட்டி ஈனும் பருவம் தொடங்கும் ஜனவரியில் வகுப்பும் தொடங்குகிறது. ஏறக்குறைய ஆறு மாத காலம். பகலில் பாடமும் வேலையும். முறை வைத்து இரவிலே லாயக் காவல். இதற்கும் விரிந்த ஏற்பாடு ஒன்றைத் துபாய் அதிபர் ஷேக் முகம்மது 2003-ல் தொடங்கிவைத்தார். ஆண்டுக்குப் பன்னிரண்டு பேர், இரண்டு வருஷம், அயர்லாந்து, இங்கிலாந்து, அமெரிக்கா, ஆஸ்திரேலியா, துபாய் ஆகிய இடங்களில் பயிற்சி, செலவெல்லாம் தர்மகர்த்தாவினுடையது. பண்ணையை நடத்தும் தலைவர்களை உண்டாக்குவதே அதன் நோக்கம் என்று வெளிப்படையாகவே சொல்லுகிறார்கள்.

இரவுக் காவல் என்றோமே, அதில்தான் இத்தொழிலின் முழு இரகசியமும் அடங்கியிருக்கிறது. குதிரை சுமார் பதினொரு மாதம் சினை தாங்கும். ஈனுவது பெரும்பாலும் இரவிலே, ஆளரவம் அடங்கிய பிறகு. காம்பின் நுனியில் மெழுகுத் துளிபோல் பால் திரண்டு நிற்பது முதல் அடையாளம். பிறகு வியர்வை, அமைதியின்மை, திரும்பித் திரும்பி விலாவைப் பார்த்தல். ஈனத் தொடங்கினால் காரியம் நிமிஷக் கணக்கில் முடிந்துவிடும்; தவறினாலும் நிமிஷக் கணக்கில்தான் தவறும். அதன்பின் பழகுநன் மனத்தில் வைத்திருக்கவேண்டிய கணக்கு ஒன்று, இரண்டு, மூன்று: ஒரு மணி நேரத்துக்குள் குட்டி எழுந்து நிற்கவேண்டும், இரண்டு மணிக்குள் பால் குடிக்கவேண்டும், மூன்று மணிக்குள் தாயின் நஞ்சுக்கொடி முழுதும் விழுந்துவிடவேண்டும். இவற்றில் ஒன்று தவறினாலும் வைத்தியரை எழுப்பத் தயங்கலாகாது. குதிரைக்குட்டி நோயெதிர்ப்புச் சக்தியில்லாமலே பிறக்கிறது. சீம்பாலிலிருந்துதான் அதனைப் பெறுகிறது. முதல் நாள் கழிந்துவிட்டால் குடலின் கதவு மூடிக்கொள்ளும். பிறகு எவ்வளவு சீம்பால் கொடுத்தும் பயனில்லை. விடியற்காலை நாலு மணிக்கு விழித்திருந்த ஒருவனுடைய கவனத்தால் ஒரு குதிரையின் ஆயுள் முழுதும் நிர்ணயமாகிறது.

ஆனால் விழித்திருக்கத் தெரிந்தால் மட்டும் நிர்வாகியாகிவிட முடியாது. எந்தத் தாய்க்கு எந்தப் பொலிக்குதிரை என்று வமிசப் பதிவேட்டைப் பார்த்துத் தீர்மானிக்கவேண்டும். எத்தனை ஏக்கரில் புல், எத்தனை ஏக்கரில் குதிரை மசால், கொள்ளு எவ்வளவு, ஒரே வயலில் தொடர்ந்து மேயவிட்டால் குடற்புழு எப்படிப் பெருகும், லாடக்காரர் எத்தனை வாரத்துக்கு ஒருமுறை வரவேண்டும், ஆட்களுக்குச் சம்பளம் என்ன, ஓய்வு எப்போது என்பவற்றையெல்லாம் கணக்கில் கொண்டுவர வேண்டும். வாங்க வருகிறவனிடம் குதிரையின் குறையை மறைக்காமல் சொல்லும் நேர்மையும் வேண்டும். ஏனெனில் பண்ணையின் முதலீடு நிலமன்று, பெயர்.

இவ்விரண்டு அறிவும் ஒருவனிடத்தில் சேரவேண்டும் என்பதை நம் நளன் கதையைவிட நன்றாகச் சொன்னவர் இல்லை. நளனுக்குக் குதிரையின் இருதயம் தெரியும். எண்ணின் இருதயம் தெரியாது. அதனால் சூதில் நாட்டை இழந்தான். அயோத்தி மன்னன் இருதுபன்னனுக்கோ ஒரு தான்றி மரத்தின் இலையையும் காயையும் ஒரே பார்வையில் எண்ணிச் சொல்லத் தெரியும். குதிரையை ஓட்டத் தெரியாது. வழியிலே இருவரும் தத்தம் வித்தையைப் பரிமாறிக்கொண்டனர். அன்றே கலி நளனை விட்டு நீங்கிற்று. லாயத்தில் இருப்பவனுக்குக் கணக்கும், கணக்கறிந்தவனுக்கு லாயமும் தெரியும் நாளில்தான் குதிரைப் பண்ணையைப் பிடித்த கலியும் நீங்கும்.

நம் நாட்டில் இன்றுள்ள குறை இதுவே. தலைமுறை தலைமுறையாகக் குதிரையோடு வாழும் குதிரைக்காரர்கள் இருக்கிறார்கள். குதிரை காதை எப்படி வைத்திருக்கிறது என்பதிலிருந்தே அதற்கு என்ன உபாதை என்று சொல்லக்கூடியவர்கள் அவர்கள். ஈரோடு மாவட்டத்து அந்தியூரில் குருநாதசுவாமி கோயில் ஆடித் திருவிழாவின்போது கூடும் குதிரைச் சந்தைக்குச் சென்றால் அத்தகையோரைக் காணலாம்; பல்லைப் பார்த்து வயதையும், நடையைப் பார்த்துக் குணத்தையும் சொல்லிவிடுவார்கள். ஆனால் அவர்கள் பிள்ளைக்குப் பண்ணைக் கணக்கைக் கற்பிப்பார் இல்லை. அவன் எவ்வளவு திறமைசாலியானாலும் குதிரைக்காரனாகவே முதியவனாகிறான். மறுபுறம், பட்டம் பெற்ற இளைஞன் புத்தகத்தில் குதிரையின் எலும்புகளை எண்ணிக் கற்றிருக்கிறான். சாணம் வாரிய அனுபவமில்லை. இருவருக்கும் நடுவே ஒரு சுவர். அச்சுவரை எழுப்பியது தொழிலன்று. கையால் வேலை செய்பவன் தாழ்ந்தவன் என்னும் நம்முடைய பழைய மூடத்தனம்.

இடமும் வசதியும் இல்லையென்று சொல்வதற்கில்லை. பத்தொன்பதாம் நூற்றாண்டில் கம்பெனிப் பட்டாளத்துக்குக் குதிரை வளர்த்த ஓசூர்ப் பண்ணை இன்று அரசாங்கக் கால்நடைப் பண்ணையாக இருக்கிறது. கர்நாடகத்துக் குனிகலில் திப்பு சுல்தான் காலத்தில் தோன்றியதாகச் சொல்லப்படும் பண்ணை இரு நூற்றாண்டுகளைக் கடந்தது. சென்னைக் கால்நடை மருத்துவக் கல்லூரி 1903 முதல் நடந்துவருகிறது. ஹிசாரில் 1985-ல் தேசியக் குதிரையின ஆராய்ச்சி நிலையம் அமைந்தது. அதன் பிகானேர்க் கிளையில் 2023-ல் கருமாற்று முறையால் மார்வாரிக் குட்டி ஒன்று பிறந்தது. கள்ளக்குறிச்சி மாவட்டத்தின் எல்லையிலேயே, தலைவாசலில், சமீபத்தில் ஒரு பெரிய கால்நடை ஆராய்ச்சி நிலையமும் கல்லூரியும் எழுந்திருக்கின்றன. கால்நடையினத்தைத் தேர்ந்து வளர்க்கும் வித்தை தமிழனுக்குப் புதிதுமன்று. காங்கயம் மாட்டைத் தலைமுறைகளாகப் பொறுக்கியெடுத்து வளர்த்துப் புகழ்பெறச் செய்த பழையகோட்டைப் பட்டக்காரர் குடும்பத்தை நாடறியும். மாட்டில் முடிந்தது குதிரையில் ஏன் முடியாது?

ஆகவே நாம் கூறும் யோசனை மிகச் சிறியது. ஆண்டுக்குப் பத்துப் பேர் போதும். திருநாவலூர், உளுந்தூர்ப்பேட்டை, கல்வராயன் மலை ஆகிய பகுதிகளிலிருந்து பள்ளிப் படிப்பு முடித்த ஆண்மக்களையும் பெண்மக்களையும் பொறுக்கவேண்டும். குதிரைக்காரர் வீட்டுப் பிள்ளைகளுக்கு அதில் முதலிடம் கொடுக்கவேண்டும். முதலாண்டு முழுதும் லாயம்: தீனி, தேய்ப்பு, குளம்பு, இரவுக் காவல். இரண்டாம் ஆண்டு பதிவேடும் கணக்கும், மருந்துக் குதிரைகள் வளர்க்கும் இடங்களையும் பிற மாகாணத்துப் பண்ணைகளையும் நேரில் காண்பதும். 1961-ஆம் ஆண்டுத் தொழிற்பழகுநர் சட்டம் பழகுநனுக்கு உதவித்தொகை உண்டு என்னும் கொள்கையை இந்நாட்டில் நிலைநாட்டியிருக்கிறது. அக்கொள்கை லாயத்தின் வாசலோடு நின்றுவிடலாகாது. வயிற்றுக்கு இல்லாத பழகுநன் இரவில் விழித்திருக்கமாட்டான். கூலிக்கு வேறிடம் போய்விடுவான்.

பெற்றோருக்கு ஒன்று மறைக்காமல் சொல்லிவிடுகிறோம். இத்தொழிலில் ஆயிரக்கணக்கான உத்தியோகங்கள் காத்திருக்கவில்லை. பத்துப் பேருக்கு இடமுண்டு என்றால் பதினோராவது ஆளை அழைப்பது வஞ்சனையாகும். விடுமுறை குறைவு, குதிரை உதைத்தால் எலும்பு முறியும், திருவிழாவன்று எல்லாரும் தேர் பார்க்கப் போகும்போது நம் பிள்ளை சினைக்குதிரையின் அருகே உட்கார்ந்திருப்பான். ஆயினும் இதில் கற்றது ஒன்றும் வீணாவதில்லை. உயிரோடு உள்ள ஒன்றைப் பொறுமையாகக் கவனிப்பது, கவனித்ததை அன்றே எழுதி வைப்பது, தனக்குக் கீழ் வேலை செய்பவனிடமும் கேட்டுக் கற்பது ஆகிய இம்மூன்றும் கைவந்தவன் மாட்டுப் பண்ணையையும் நடத்துவான். ஆட்டுப் பண்ணையையும் நடத்துவான். மருந்துச் சாலையையும் நடத்துவான்.

குதிரையை விற்று, அதனைப் பேணத் தெரிந்தவனை மட்டும் நம் கரையில் இறங்கவொட்டாமல் தடுத்த அந்தப் பழைய வணிகர்கள் இன்று இல்லை. கற்பிக்க நூலுண்டு, ஆசிரியருண்டு, இடமுண்டு. இப்போது தடுத்து நிற்பது 'நம் வீட்டுப் பிள்ளை லாயத்துக்கா?' என்னும் ஒரே கேள்விதான். அந்தக் கேள்வியை எழுப்புகிறவர்கள் கடல் கடந்து வந்தவர்கள் அல்லர், நாமேதான். ஆகையால் அதனை நீக்குவதற்கும் வேறெவரையும் எதிர்பார்த்திருக்க வேண்டுவதில்லை.